வாழைக்கும் இஞ்சிக்கும் ஒரே பேனா? – அசுவினிக்குப் பெயர் வைத்த வரலாறு

– தோட்டத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர்

தேக்கா சந்தையில் வாழையிலைக் கட்டு வாங்காத தமிழ்க் குடும்பம் சிங்கப்பூரில் உண்டோ? கல்யாணமானாலும் கருமாதியானாலும் வாழை இல்லாமல் நமக்கு ஒரு காரியமும் நடப்பதில்லை. பொங்கல் சமயத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். கரும்பும் மஞ்சள் கொத்தும் வாழையுமாக அந்தத் தெருவே ஒரு தோப்பாகிவிடும்.

இப்படிப்பட்ட வாழையைத் தோப்போடு அழிக்கக்கூடிய பகை ஒன்று உண்டு. புயலா? அல்ல. யானையா? அதுவும் அல்ல. எள்ளைவிடச் சிறிய ஒரு பேன்! படித்தவர்கள் அதனை அசுவினி என்பார்கள். நம் தோட்டத்துப் பெரியவர்கள் "செடியில பேன் விழுந்துருச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

லயத்துக் கொல்லைகளில் ஒரு வழக்கம் உண்டு. வாழைக்குப் பக்கத்திலேயே சேம்பு, இஞ்சி, மஞ்சள் எல்லாம் நட்டு வைப்போம். மூன்றிலும் கருஞ்சிவப்பாய் ஒரு பேன் ஒட்டிக் கொண்டிருக்கும். "இஞ்சியில இருக்கறதுதானே வாழைக்கும் ஏறுது?" என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றுதான் எவருக்கும் சொல்லத் தோன்றும். இந்த எளிய கேள்விக்குச் சரியான விடை சொல்ல உலகத்து அறிஞர்களுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைத்தான் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

அசுவினி என்னும் சிற்றுயிர்

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட அசுவினி இனங்கள் சுமார் 5,000. மெல்லிய உடம்பு, முதுகின் பின்புறம் புகைபோக்கி போல இரண்டு குழல்கள், ஊசி போன்ற வாய். அந்த ஊசியைச் செடியின் சாறு ஓடும் குழாயில் செருகி உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்காது. உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி. மிஞ்சியதைத் தேன்துளி போல வெளியே விடும். அதற்காகவே எறும்பு வரும். செடியில் எறும்பு சாரை சாரையாய் ஏறினால், மேலே அசுவினி குடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதன் பெருக்கம் இருக்கிறதே, அதுதான் பெரும் வியப்பு. வெப்ப நாடுகளில் பெரும்பாலும் ஆண் அசுவினியையே காண முடியாது. பெண்ணே பெண்ணைப் பெறும். அதுவும் முட்டையாக அல்ல, உயிருள்ள குஞ்சாக. பிறக்கிற குஞ்சின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். தாய், மகள், பேத்தி மூவரும் ஒரே உடம்பில்! 1740இல் ஜெனீவா நகரத்து இளைஞர் சார்ல் போனே என்பவர், பிறந்த அசுவினி ஒன்றைத் தனியே அடைத்து வைத்துக் கவனித்தார். ஆண் துணை இல்லாமலே 21 நாளில் அது 95 குஞ்சுகளை ஈன்றது. அன்றைய ஐரோப்பிய அறிஞர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ!

செடியின் பெயரே பூச்சிக்கும்

உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். அவர் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பில் அசுவினிகளை 'ஏஃபிஸ்' என்ற இனக்குழுவில் வைத்தார். ரோஜாவில் கண்டதற்கு ரோஜாவின் பெயர், முட்டைக்கோசில் கண்டதற்கு அதன் பெயர் என்று, செடியின் பெயரையே பல பூச்சிகளுக்குச் சூட்டினார்.

பார்ப்பதற்கு எளிய வழிதான். ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. சில அசுவினிகள் ஒரே செடியைத் தவிர வேறொன்றைத் தொடாது. சில அசுவினிகளுக்கோ ஊரெல்லாம் விருந்து. பருத்தி அசுவினி என்று பெயர் பெற்றது, மிளகாய், கத்தரி, வெண்டை, பூசணி என்று எதையும் விட்டு வைப்பதில்லை. ஒரு பூச்சியையே செடிக்குச் செடி வேறு என்று நினைத்துப் பல பெயர் வைத்தவர்களும் உண்டு. இரண்டு பூச்சிகளை ஒன்று என்று நினைத்து ஒரே பெயரில் அடக்கியவர்களும் உண்டு. ஆகவே பூச்சியை மட்டும் எழுதினால் போதாது, அது எந்தச் செடியில் இருந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்ற ஒழுங்கு நாளடைவில் ஏற்பட்டது. அசுவினிக் கணக்கெடுப்பின் உயிர்நாடியே இந்த ஒழுங்குதான்.

1859

நம் வாழைப் பேன் ஏட்டில் ஏறியது 1859ஆம் ஆண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் சார்ல் கோக்ரெல் இதனை விவரித்து 'பென்டலோனியா நைக்ரோநெர்வோசா' என்று பெயரிட்டார். கடைசிச் சொல்லுக்குக் கருநரம்பு உடையது என்று பொருள். இறக்கை முளைத்த பேனைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இறக்கை நரம்புகள் மை தீட்டியது போலக் கறுத்திருக்கும்.

அதே 1859இல்தான் சிங்கப்பூரில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தார் தங்ளின் பகுதியில் இன்றைய பூமலையை, அதாவது தாவரவியல் தோட்டத்தை, அமைத்தார்கள். 1877இல் அங்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகள் மலாயாவின் தலையெழுத்தையே மாற்றின. நம் பாட்டன் பூட்டன்மாரைக் கப்பலேற்றி வரவழைத்த பால்மரத்தின் வரலாறு அந்தத் தோட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது.

அங்கே 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, ரப்பருக்காகப் புகழ் பெற்றவர். ஆனால் அவர் தென்னையைக் குடைந்து சாய்க்கும் வண்டுகளைப் பற்றி 1889இலேயே ஓர் அறிக்கை எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. செடியைப் படிப்பவன் பூச்சியையும் படிக்க வேண்டும் என்பதற்கு அவரே நல்ல எடுத்துக்காட்டு.

ஜாவாவில் ஒரு பெயர், ஆஸ்திரேலியாவில் ஒரு பாடம்

1917இல் ஜாவாவின் அசுவினிகளைத் திரட்டி ஆராய்ந்த டச்சு அறிஞர் வான் டெர் கூட், வாழைப் பேனைப் போலவே இருக்கும் இன்னொன்றைக் கண்டார். சேம்பு இனத்தைச் சேர்ந்த கலாடியம் செடியின் பெயரால் அதற்கு 'பென்டலோனியா கலாடியை' என்று பெயர் வைத்தார். ஆனால் இரண்டுக்கும் தோற்றத்தில் வேறுபாடு மிகக் குறைவு. எனவே பின்னால் வந்தவர்கள், "இரண்டும் ஒன்றுதான், செடிக்குச் செடி கொஞ்சம் சாயல் மாறுது, அவ்வளவுதான்" என்று கருதினார்கள். பல பத்தாண்டுகள் அந்தக் கருத்தே நிலைத்தது.

பேனுக்கு என்ன பெயரிருந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். அதற்கு விடை சொன்னது ஆஸ்திரேலியா. முடிக்கொத்து நோய் 1889இல் பீஜித் தீவில் முதன்முதலாகப் பதிவானது. நோய் கண்ட வாழையில் புது இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரியும். அதன் பிறகு குலை எங்கே தள்ளுவது? மரம் நிற்கும், பழம் இருக்காது.

1920களில் நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து மாநிலங்களின் வாழைத் தோட்டங்கள் இந்த நோயால் நிலைகுலைந்தன. நோய்க்குக் காரணம் மண்ணா, உரமா, வேரா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மகீ என்னும் ஆராய்ச்சியாளர் 1927இல் வெளியிட்ட முடிவு குழப்பத்தைத் தீர்த்தது. இது வைரஸ் நோய். அதைச் சுமப்பது வாழைப் பேன். நோயுற்ற மரத்தில் பல மணி நேரம் சாறு குடித்த பேன், பிறகு நல்ல மரத்துக்குப் போனால் நோயையும் கொண்டு போகும். நோயுள்ள கன்றை எடுத்து வேறிடத்தில் நட்டால் மனிதனே அந்த வேலையைச் செய்தவனாகிறான்.

காரணம் தெரிந்ததும் வழியும் பிறந்தது. நோயுற்ற மரத்தை, முதலில் பேனைக் கொன்றுவிட்டுத்தான், அடியோடு தோண்டி அழித்தார்கள். நோயில்லாத கன்றையே நட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். தோட்டங்கள் மீண்டும் தழைத்தன.

போர்க்காலமும் இரண்டு பட்டியல்களும்

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். செடிக்குப் பூமலை என்றால், பூச்சிக்கும் விலங்குக்கும் ராஃபிள்ஸ் அரும்பொருட்சாலை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நகரைப் பிடித்தபோது இரண்டும் கொள்ளை போயிருக்கலாம். அப்படி ஆகாமல் காத்ததில் தானகடாதே முதலிய ஜப்பானிய அறிஞர்களுக்கும், அவர்களுடைய அனுமதியோடு தோட்டத்திலும் அரும்பொருட்சாலையிலும் வேலை பார்த்த ஹோல்ட்டம், கார்னர் முதலிய ஆங்கிலேயர்களுக்கும் பங்கு உண்டு. பகைவர்கள் ஒரே கூரையின்கீழ் நின்று இலைகளையும் பூச்சிகளையும் காத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியனால் இயலாது. அதே ஆண்டுகளில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஆயிரமாயிரம். செடிக்குப் பட்டியல் இருந்தது, பேனுக்குப் பட்டியல் வந்தது. அந்த மனிதர்களில் பலருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. எழுதி வைக்காதது எப்படி மறைந்து போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

போர் முடிந்தபின் 1950இல் இரண்டு படைப்புகள் வெளிவந்தன. ஒன்று, மலாயாத் தீபகற்பத்தின் இஞ்சிக் குடும்பத் தாவரங்களைப் பற்றி ஹோல்ட்டம் எழுதிய நூல். சிங்கப்பூர்த் தோட்டத்தின் ஏட்டிலேயே அச்சானது. மற்றொன்று, தைவானில் நெடுங்காலம் பூச்சி ஆய்வு செய்த ஜப்பானியர் ரியோயிச்சி தாகாஹாஷி அமெரிக்கப் பூச்சியியல் ஏடு ஒன்றில் வெளியிட்ட மலாயாத் தீபகற்பத்து அசுவினிப் பட்டியல். ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் ஜப்பானியர். ஒருவர் வீட்டை எழுதினார், மற்றவர் குடியிருப்பவனை எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எந்தப் பேன் எந்தச் செடியில் என்ற கணக்கு முழுமை பெறும். அதே 1950களில் தென்னிந்திய அசுவினிகளைத் திரட்டி வகைப்படுத்திய எஸ். கனகராஜ் டேவிட் அவர்களையும் நாம் மறக்கலாகாது.

இங்கே ஒரு புதிர். புக்கித் தீமா காட்டில் 1854இல் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத இடத்தில் வாலஸ் என்னும் இயற்கை அறிஞர் சுமார் 700 வகை வண்டுகளைப் பிடித்தார். வெப்ப நாட்டில் எல்லாப் பூச்சியும் இப்படித்தான் மிகுந்திருக்கும் என்று நினைப்போம். அசுவினி மட்டும் தலைகீழ்! குளிர் நாடுகளில் இனங்கள் மிகுதி, இங்கே குறைவு. காரணம் செடிதான் என்று 1987இல் டிக்சன் என்ற ஆங்கிலேய அறிஞர் விளக்கினார். நம் காடுகளில் செடி வகைகள் எண்ணற்றவை. ஒரே வகைச் செடி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அரிது. காற்றில் மிதக்கும் அசுவினி பட்டினியோடு நெடுநேரம் தாங்காது. தனக்குரிய செடியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

இதையே திருப்பிப் பாருங்கள். ஒரே பயிரை மைல் கணக்கில் நட்டால் என்ன ஆகும்? பேன் எங்கே விழுந்தாலும் அதற்குச் சோறு! தோட்டத்து மக்களாகிய நாம் இந்த உண்மையை நன்றாக உணர வேண்டும்.

பழனி மலையின் கதை

முடிக்கொத்து நோய் 1913இல் இலங்கையில் காணப்பட்டது. அங்கிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்தது. பிறகு மெல்ல மெல்லத் தமிழ்நாட்டு மலைகளுக்கும் ஏறியது.

கீழ்ப் பழனி மலைகளில் விளையும் விருப்பாச்சி வாழை, பழனி முருகன் கோயில் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனது. தோல் கசங்கியது போலிருக்கும், நீர்ச்சத்து குறைவு, மணம் அதிகம். அதனால்தான் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருக்கிறது. 1970களில் அந்த மலைகளில் சுமார் 18,000 ஹெக்டேரில் நின்ற மலைவாழை, இந்த நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப் போனது. பரம்பரையாக வாழை வைத்த குடும்பங்களின் பிழைப்பே போச்சு என்றால் மிகையில்லை. நம் கையில் ஒரு டப்பாவாக வந்து சேரும் பிரசாதத்துக்குப் பின்னால் இத்தனை பெரிய இழப்பு இருக்கிறது.

திருச்சியில் 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்தது. வைரஸ் இல்லை என்று சோதித்து, திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிய கன்றுகளைக் கொடுத்து, விருப்பாச்சியை மீண்டும் மலையேற்றும் முயற்சி அங்கிருந்து நடந்தது. ஆஸ்திரேலியா கற்ற பாடம்தான்: நல்ல கன்று, பேன் கண்காணிப்பு, நோயுற்றதை உடனே அழித்தல்.

ஒன்றல்ல, இரண்டு

மேற்குத் தொடர்ச்சி மலை ஏலத்தோட்டங்களிலும் ஒரு கொடிய நோய் உண்டு. கட்டே நோய் என்பார்கள். ஏலமும் இஞ்சிக் குடும்பம்தான். அந்த நோயைச் சுமப்பதும் பென்டலோனியாப் பேனே. அப்படியானால் ஏலத்துப் பேன் வாழைக்குத் தாவுமா? சேம்பையும் இஞ்சியையும் பிடுங்கி எறிந்தால்தான் வாழை பிழைக்குமா? கொல்லைக் கேள்வி இப்போது பெரிய தோட்டக் கேள்வியாக வந்து நிற்கிறது, பாருங்கள்.

2010இல் கனடாவின் ராபர்ட் ஃபூட்டிட்டும் அவருடைய துணைவர்களும் விடை தந்தார்கள். பல இடங்களில், பல செடிகளிலிருந்து எடுத்த பேன்களின் உறுப்புகளை நுண்ணோக்கியில் அளந்தார்கள், மரபணுவையும் ஒப்பிட்டார்கள். முடிவு தெளிவானது. வாழையில் வாழ்வது நைக்ரோநெர்வோசா. இஞ்சி, சேம்புக் குடும்பங்களில் வாழ்வது கலாடியை. இரண்டும் வெவ்வேறு இனங்கள்! 1917இல் வான் டெர் கூட் வைத்த பெயர் 93 ஆண்டுக்குப் பின் தன் உரிமையைத் திரும்பப் பெற்றது.

பின்னர் ஹவாய்த் தீவில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இஞ்சிப் பேனாலும் வாழை நோயைச் சுமக்க முடியும். ஆனால் வாழைப் பேன் அளவுக்கு முடியாது. ஆகவே முதல் பழியை இஞ்சிப் பாத்தி மேல் போட வேண்டியதில்லை. வாழை நோயை ஒழிக்க நினைப்பவர் முதலில் வாழைக் கன்றையும் அதன் அடிமட்டையில் ஒளிந்திருக்கும் பேனையும்தான் பார்க்க வேண்டும்.

எந்தப் பேன் எந்தச் செடியில் இருந்தது என்று சீட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா?

நாம் செய்யக் கூடியது

பழைய ராஃபிள்ஸ் அரும்பொருட்சாலையின் உயிரினச் சேகரம் 1970களிலிருந்து இடம்விட்டு இடம் பெயர்ந்து அலைந்தது. கடைசியில் 2015இல் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் நல்ல இடம் பெற்றது. அதே 2015இல் பூமலையும் உலக மரபுடைமைத் தலமாயிற்று. பெற்றோர்கள் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை இரண்டு இடத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். வேடிக்கைக்கு மட்டுமல்ல, பொறுமையாக எழுதி வைத்தவர்களின் உழைப்பைப் பார்ப்பதற்கு.

கணக்கெடுக்கும் முறை கடினமானதல்ல. அறிஞர்கள் பேனை மெல்லிய தூரிகையால் எடுத்துச் சாராயக் குப்பியில் இடுவார்கள். பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே போடுவார்கள். மை என்றால் சாராயத்தில் கரைந்துவிடும். சீட்டில் நாள், இடம், செடியின் பெயர். செடியின் கிளை ஒன்றையும் தாளில் அழுத்தி உலர்த்தி வைப்பார்கள். அசுவினியை அறிய உலகெங்கும் பயன்படும் பிளாக்மன், ஈஸ்டாப் இருவரின் 1984ஆம் ஆண்டு நூலில், முதலில் பயிரின் பெயரைப் பார்த்துத்தான் பூச்சிக்குப் போக வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குச் சாராயமும் வேண்டாம், குப்பியும் வேண்டாம். அடுக்குமாடித் தாழ்வாரத்துத் தொட்டியில் மிளகாய்ச் செடி இருக்கும். அக்கம்பக்கச் சமூகத் தோட்டத்தில் வாழையும் முருங்கையும் இருக்கும். பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்கஞ்செடியில் மஞ்சள் நிற அசுவினி வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு பயிற்சிப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு பூதக்கண்ணாடி போதும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் செடியின் பெயர், நாள், இடம். வலப்பக்கம் பூச்சியின் நிறம், வடிவம், பெயர்.

பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். நாளை படித்தவர் எவராவது வந்து நிரப்புவார். ஆனால் செடியின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.